மருமகனுக்குக் கிடைக்காத அரைப் புள்ளி

“உன் புருஷனுக்கு நான் பொண்ணைத்தான் குடுத்தேன். பாயிண்டையும் சேத்துக் குடுக்கறதாப் பேச்சே இல்லையே!”

ஆல்டரேஷன் கடைக்காரி இதைச் சொன்னபோது அவள் உதட்டில் இரண்டு குண்டூசி இருந்தது. ஊசியைக் கடித்துக்கொண்டே அவ்வளவு தெளிவாகத் திட்ட அவளால் மட்டும்தான் முடியும். முன்னால் நின்றது அவள் பெற்ற ஒரே மகள். மடியில் கிடந்தது யாரோ ஒருவருடைய பேன்ட், ஜிப் பிய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. மத்தியானம் இரண்டு மணிக்கு, அதே கட்டடத்தின் மேல்மாடியில், செஸ் போட்டியின் கடைசிச் சுற்று. ஒன்பதாம் நம்பர் மேஜையில் மாமியாரும் மருமகனும் எதிரெதிரே உட்கார வேண்டும் என்று அன்று காலையில்தான் சுவரில் தாள் ஒட்டியிருந்தார்கள்.

“அம்மா, கத்தாதே. படியில ஆளுங்க போறாங்க.”

“போகட்டும். என் கடையே படிக்குக் கீழதான் இருக்கு. நான் பேசறது மேல கேக்காம வேற எங்க கேக்கும்?”

“ஒரே ஒரு ஆட்டம்மா. அந்த அரைப் பாயிண்டு, ஒரு பாயிண்டை வெச்சு நீ என்ன பண்ணப்போற? பீரோல வெச்சுப் பூட்டப்போறியா?”

“பூட்டுவேன். சாவியை இடுப்புல சொருகிப்பேன். உனக்கென்ன?”

மகளுக்கு அழுகை முட்டியது. அழுதால் அம்மா இன்னும் மோசமாகப் பேசுவாள் என்று தெரியும். அதனால் அடக்கிக்கொண்டு விஷயத்தைத் திரும்பவும் முதலிலிருந்து சொன்னாள்.

விஷயம் இதுதான். மருமகன் ஒரு கூரியர் ஆபீஸில் பார்சலுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் பிரிவில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருந்தான். ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் செஸ் சொல்லிக்கொடுக்க நிரந்தர வேலை ஒன்று வந்திருந்தது. அடுத்த மாதப் பட்டியலில் ரேட்டிங் இரண்டாயிரம் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. ரேட்டிங் என்பது ஆட்டக்காரனுடைய எடை மாதிரி. தன்னைவிடப் பலசாலியை அடித்தால் கிடுகிடுவென்று ஏறும். நோஞ்சானை அடித்தால் ஒட்டியும் ஒட்டாமலும் ஏறும். நோஞ்சானிடம் சறுக்கினால் சடாரென்று இறங்கும். அன்று காலை மருமகன் போட்ட கணக்குப்படி அவன் நின்றது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டரையில். மாமியாரின் ரேட்டிங் ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு. அவளை ஜெயித்தால் ஒன்றரைக்குச் சற்று மேலே ஏறும், வேலை கையில். ட்ரா ஆனால் எட்டு இறங்கும், வேலை அம்போ.

“சரி, ஞாயித்துக்கிழமை தவறாம நம்ம வீட்டுல என்னை ஜெயிக்கறாரே,” என்றாள் கடைக்காரி. “பன்னெண்டு வருஷமா ஜெயிக்கறவருக்கு இன்னிக்கு மட்டும் எதுக்குடி சிபாரிசு?”

மகள் தரையைப் பார்த்தாள். “அவரு பயப்படறாரும்மா. ராத்திரி முழுக்கத் தூங்கல.”

குண்டூசிகள் இரண்டும் உதட்டிலிருந்து கீழே விழுந்தன. “பயப்படறாரா? என்னைப் பாத்தா?”

“ஆமா.”

அந்த ஒரு சொல்லை மகள் சொல்லாமல் இருந்திருந்தால், ஒருவேளை கடைக்காரிக்கு மனசு இளகியிருக்கும். அவள் ஒன்றும் கல்லில் செய்தவள் அல்ல. ஆனால் பயம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நேர்மை, நியாயம், ஆட்ட தர்மம் என்றெல்லாம் பிற்பாடு அவள் பேசினாள். அதெல்லாம் பிற்பாடு யோசித்துச் சொன்னது. அன்றைக்கு அவளை மேலே ஏற்றியது வெறும் சந்தோஷம்தான்.

“நீ போ. நான் ஜிப்பு வெக்கணும்,” என்றாள்.

கடைக்காரி செஸ்ஸுக்கு வந்த கதையே சண்டையில் தொடங்கியதுதான். புருஷன் போன மறு வருஷம் அந்த மாடிப்படிக்கு அடியில் மெஷினைப் போட்டாள். பேன்ட் உயரம் குறைப்பது, இடுப்புப் பிரிப்பது, ஜிப் மாற்றுவது, காலர் திருப்புவது. புதுத் துணி தைக்க மாட்டாள். அடுத்தவன் கெடுத்ததைச் சரிசெய்வதுதான் தன் வேலை என்பாள். மேல்மாடி கிளப்பின் செயலாளர் ஒரு பேன்ட்டைக் கொடுத்து, அளவையும் தானே சொல்லி, பிறகு குட்டையாகிவிட்டது என்று வாங்க மறுத்தார். அவள் பேன்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு முதல்முறையாகப் படியேறினாள். அவர் ஆடிக்கொண்டிருந்த பலகையின் மேலேயே அதைப் போட்டாள். காய்கள் நாலு பக்கமும் தெறித்தன.

“ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? ரெண்டு மணி நேர ஆட்டம்!”

“கால் நீளம் எவ்வளவுன்னே தெரியாதவருக்கு ரெண்டு மணி நேரம் என்ன யோசனை?”

அங்கே இருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். அவளுக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. உட்காரச் சொல்லாமலே ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். பார்த்துவிட்டுப் போகவில்லை. மறுநாள் ஆறு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டுத் திரும்பவும் மேலே போனாள். அப்புறம் தினமும்.

மூன்று வருஷம் எல்லோரிடமும் தோற்றாள். பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவள், ஆட்டத்தை எழுதிக்காட்ட வேண்டும் என்பதற்காக, பலகையின் எட்டு வரிசைகளுக்குப் பேரான ஏ முதல் எச் வரை கற்றுக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எழுத்து மொத்தம் எட்டு, அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை என்பாள். அவள் ஆட்டத்தில் அழகு கிடையாது. எதையும் கொடுக்க மாட்டாள், எதற்கும் ஆசைப்பட மாட்டாள். எல்லாவற்றையும் கட்டிப்பிடித்துக்கொண்டு அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஜெயிப்பதற்குள் எதிராளிக்குத் தோள் கழன்றுவிடும். செயலாளர்தான் அவளுக்கு ஈரச்சாக்கு என்று பேர் வைத்தார். தூக்கவும் முடியாது, பற்ற வைக்கவும் முடியாது என்று விளக்கமும் சொன்னார். நேரில் அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்தவர்களின் பேன்ட்டுகள் மூன்று மாதம் தைக்காமல் கிடந்தன.

வெளியிலும் அவள் அப்படித்தான். வெட்டி எடுத்த துணித்துண்டு, பிய்ந்த பொத்தான், பழைய ஜிப்பின் தலை, எதையும் விட மாட்டாள். டப்பா டப்பாவாக அடுக்கி வைத்திருப்பாள். மகள் ஒருமுறை ஒரு டப்பாவைக் குப்பையில் கொட்டிவிட்டு, அம்மா குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டுப் பொறுக்குவதைப் பார்த்து வெட்கத்தில் செத்தாள்.

மருமகனும் கிளப் வழியாக வந்தவன்தான். பேன்ட் குறைக்க வந்தான், மகளைப் பார்த்தான், அப்புறம் குறைக்கத் தேவையில்லாத பேன்ட்டையெல்லாம் கொண்டுவந்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மாமியார் வீட்டு மேஜையில் ஒரு ஆட்டம். ஜெயித்துவிட்டுச் சும்மா எழுந்திருந்தால் அவளுக்கு ஒன்றுமில்லை. அவன் ஆடும்போதே பேசுவான், அதுவும் அவளிடம் இல்லை, பெண்டாட்டியிடம்.

“பாரேன், உங்கம்மா இப்ப குதிரையைப் பின்னால இழுப்பாங்க. இழுத்தாங்களா? குடுக்கவே மாட்டாங்க. பழைய பொத்தானையே குடுக்காதவங்க குதிரையைக் குடுப்பாங்களா?”

மகள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கடைக்காரி பன்னிரண்டு வருஷமாக விழுங்கிக்கொண்டிருந்தாள். பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியாது. மாப்பிள்ளை ஆயிற்றே, வாங்க போங்க என்றுதான் பேச வேண்டும். அந்த மரியாதைக்குள் எவ்வளவு விஷம் வைக்க முடியுமோ அவ்வளவும் வைப்பாள்.

இரண்டு மணிக்கு மணி அடித்தது. மேலே மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. செயலாளர்தான் நடுவர். மருமகன் வெள்ளை. சவரம் செய்து, சட்டையைப் பேன்ட்டுக்குள் விட்டுக்கொண்டு, இன்டர்வியூவுக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். கைகொடுக்கும்போது குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டான்.

“அத்தை, அவ வந்து பேசினாளா?”

அவனுக்குத் தெரியாமல் மகள் தானாக வந்தாள் என்றுதான் கடைக்காரி அதுவரை நினைத்திருந்தாள். அனுப்பியதே இவன்தான்.

“பேசினா மாப்பிள்ளை. மெஷின் சத்தத்துல ஒண்ணும் காதுல விழல.”

அவன் முகம் சுண்டிப்போயிற்று. கடைக்காரி கடிகாரத்தைத் தட்டினாள். ஆட்டம் தொடங்கியது.

முதல் இரண்டு மணி நேரம் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அவன் தட்டினான், அவள் திறக்கவில்லை. அவள் சிப்பாய்களைக் கோத்து மதில் மாதிரி வைத்தாள். அவன் இந்தப் பக்கம் ஒரு செங்கல், அந்தப் பக்கம் ஒரு செங்கல் என்று உருவினான். அவன் கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை. ராணிகள் போயின, யானைகள் போயின. மூன்றாவது மணி நேரத்தில் அவள் கையில் மிஞ்சியது ராஜாவும் ஒரு குதிரையும். அவனிடம் ராஜா, குறுக்கே மட்டும் நடக்கிற ஒரு பிஷப், தோளோடு தோள் ஒட்டி முன்னேறும் இரண்டு சிப்பாய்கள். ஒன்று பலகையின் கடைசி ஓரத்தில், இன்னொன்று அதற்குப் பக்கத்தில். ஏதாவது ஒன்று கடைசிக் கட்டத்துக்குப் போய் ராணியானால் கதை முடிந்தது.

செயலாளர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மருமகன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். நேரம் மட்டும் குறைவாக இருந்தது, கடிகாரத்தில் இரண்டு நிமிஷம் சொச்சம். அவன் மனசு ஏற்கெனவே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது.

கடைக்காரி பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு பழைய அவமானம் ஞாபகம் வந்தது. ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால், ரிட்டையரான ஒரு தபால்காரரோடு ஆடினாள். அன்றைக்கு இவளிடம் பிஷப்பும் ஓரச் சிப்பாயும், அவரிடம் வெறும் ராஜா. ஜெயித்தாயிற்று என்று நினைத்தாள். தபால்காரர் ராஜாவைக் கொண்டுபோய் அந்தச் சிப்பாய் போகிற மூலையில் உட்கார வைத்தார். மூலைக் கட்டம் கறுப்பு. இவளுடைய பிஷப் வெள்ளைக் கட்டத்தில் மட்டும் நடக்கிற பிஷப். என்ன குட்டிக்கரணம் போட்டாலும் அந்த மூலையை அதால் தொட முடியாது, ராஜாவைக் கிளப்பவும் முடியாது. ஒன்றரை மணி நேரம் முட்டிப் பார்த்தாள். கடைசியில் தபால்காரர், “கதவு பூட்டியிருக்கும்மா, எவ்வளவு நேரம் தட்டுவ?” என்று கேட்டு எழுந்து போனார். அந்த ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

இப்போது அவளுக்கு எதிரே இருந்ததும் வெள்ளைக் கட்டத்துப் பிஷப். ஓரச் சிப்பாய் போக வேண்டிய மூலை கறுப்பு. நடுவில் நின்று கெடுப்பது அந்தப் பக்கத்துச் சிப்பாய் மட்டும்தான். அது போனால் போதும்.

குதிரையை நகர்த்தி அந்தச் சிப்பாய்க்குக் குறி வைத்தாள். அவனுடைய ராஜா அதைக் காத்துக்கொண்டிருந்தது, எடுத்தால் குதிரை சாகும். இந்த நிலையை அவன் புத்தகத்தில் நூறு தடவை படித்திருப்பான். அந்தச் சிப்பாயை உடனே தள்ளிவிட்டிருந்தால் அத்தோடு அவள் காலி. ஆனால் அவன் புத்தகத்தைப் பார்த்து ஆடவில்லை, மாமியாரைப் பார்த்து ஆடினான். பழைய பொத்தானையே விடாதவள் குதிரையையா விடுவாள், விரட்டினால் பின்னால் இழுத்துக்கொள்வாள் என்று பன்னிரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தன. பிஷப்பைக் கொண்டுவந்து குதிரையை மிரட்டினான். கடிகாரத்தைத் தட்டிவிட்டு அவள் கையைப் பார்த்துச் சிரித்தான்.

அவள் குதிரையைத் தூக்கினாள். பின்னால் வைக்கவில்லை. சிப்பாயை எடுத்தாள்.

“அத்தை, பாத்துதான் வெச்சீங்களா?”

“பாத்துதான் மாப்பிள்ளை. வேணும்னா எடுத்துக்கோங்க. பொத்தான்தானே.”

அவன் ராஜாவால் குதிரையை எடுத்தான். வேறு வழியும் இல்லை. எடுத்து மேஜைமேல் வைக்கும்போதுதான் அவன் கை நடுவில் நின்றது. ஓரச் சிப்பாயைப் பார்த்தான், பிஷப்பைப் பார்த்தான், மூலையைப் பார்த்தான். அவன் கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவந்ததைக் கடைக்காரி உட்கார்ந்த இடத்திலிருந்து நிதானமாகப் பார்த்தாள். ராஜாவை மூலைக்குக் கொண்டுபோய் வைத்தாள்.

அதற்குப் பிறகு ஆடியது ஆட்டம் இல்லை, பகை. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கடிகாரத்தில் அரை நிமிஷம் சேரும் என்பதால் நேரம் தீர்ந்து முடியும் என்றும் இல்லை. அவன் பிஷப்பை இங்கே வைத்தான், அங்கே வைத்தான், ராஜாவைச் சுற்றிக்கொண்டு வந்தான். அவள் மூலையிலிருந்து ஒரு அடி வெளியே, ஒரு அடி உள்ளே. மற்ற மேஜைகளெல்லாம் முடிந்து, ஆட்கள் வந்து சுற்றி நின்றார்கள். இருபது நகர்த்தலுக்கு மேல் போயிற்று. அவன் காய்களை வைக்கிற சத்தம் வரவரக் கூடியது.

“காயை மெல்ல வைங்க சார்,” என்றார் செயலாளர்.

கடைசியில் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, “ட்ரா,” என்றான்.

கையைக் கொடுத்துவிட்டு எழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதுதான் மனுஷத்தனம். வெறும் ராஜாவை வைத்துக்கொண்டு அவள் ஜெயிக்கவா போகிறாள்? இல்லை. ஆனால் அவள் பேனாவை எடுத்து, தன் எட்டு எழுத்தில் ஒன்றை அழகாக எழுதிவிட்டு, நிமிர்ந்து பார்த்தாள்.

“எதுக்கு மாப்பிள்ளை அவசரம்? கையில காய் வெச்சிருக்கறவங்க நீங்க. ஆடுங்க. நான் ஓடியா போகப்போறேன்?”

நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவன் மண்டையில் ஆணி மாதிரி இறங்கியிருக்கும். இன்னும் ஏழெட்டு நகர்த்தல் ஆடினான். பிறகு, இதைவிட இங்கே உட்கார்ந்திருக்க முடியாது என்பதுபோல், சிப்பாயை வேண்டுமென்றே முன்னால் தள்ளி அவள் ராஜாவுக்கு நகர ஒரு கட்டம்கூட இல்லாமல் செய்தான். ராஜாவுக்குச் செக்கும் இல்லை, போக இடமும் இல்லை. அப்படியானால் சட்டப்படி ஆட்டம் சமம். செயலாளர் இரண்டு தாளிலும் அரை, அரை என்று எழுதினார்.

படியில் இறங்கும்போது மருமகன் நின்று திரும்பினான்.

“இதுல உங்களுக்கு என்ன கெடைச்சுது அத்தை?”

“அரை.”

“எனக்குப் பொழப்பு போச்சு.”

“என்னைத் தோக்கச் சொல்லி அனுப்பாம இருந்திருந்தா, ஒருவேளை நானே தோத்திருப்பேன் மாப்பிள்ளை. வழக்கமாத் தோக்கறவதானே.”

அது உண்மையா பொய்யா என்று அவளுக்கே தெரியாது. அந்த நேரத்துக்கு வாயில் வந்தது. அவன் இறங்கிப் போனான்.

அடுத்த மாதப் பட்டியலில் அவளுக்கு எட்டுப் புள்ளி ஏறியிருந்தது, அவனுக்கு எட்டு இறங்கியிருந்தது. அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்து இவள் முந்தானையில் முடிந்துகொண்ட மாதிரி. பள்ளிக்கூட வேலை வேறு யாருக்கோ போயிற்று. மருமகன் திரும்பவும் ஸ்டிக்கர் ஒட்டப் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் வரவில்லை. முதல் வாரம் மூன்று பேருக்கும் சேர்த்துச் சமைத்துவிட்டு, இரண்டு நாள் அதையே சாப்பிட்டாள். இரண்டாவது வாரம் சமைக்கவில்லை.

மூன்றாவது வாரம் மகள் மட்டும் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வந்து உட்காரவில்லை.

“அவரோட செஸ் போர்டு இங்க இருக்காம். எடுத்துட்டு வரச் சொன்னாரு.”

“அலமாரியில இருக்கு. எண்ணி எடுத்துக்கோ. முப்பத்திரண்டு இருக்கணும். அப்புறம் மாமியாக்காரி ஒண்ணை அமுக்கிட்டான்னு சொல்லுவாரு.”

“நீ அமுக்க மாட்டியா? ஊர்ல போற பொத்தானை எல்லாம் அமுக்கறவதானே நீ?”

“போர்டு கேக்க வந்தவ போர்டை எடுத்துட்டுப் போ.”

மகள் பலகையை இடுக்கிக்கொண்டாள். வாசல்வரை போய், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நீ அவரை அடிச்சு ஜெயிச்சிருந்தாகூட மனசு ஆறியிருக்கும்மா. நீயும் ஜெயிக்காம, அவரையும் ஜெயிக்க விடாம... இப்படி ஒரு பெத்தவளை நான் எங்கயும் பாத்ததில்ல.”

“ஜெயிக்கத் தெரிஞ்சா ஜெயிச்சிருக்க மாட்டேனாடி? எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

“மூலையிலயே உக்காந்திரு,” என்று சொல்லிவிட்டு மகள் போனாள்.

கடைக்காரி கொஞ்ச நேரம் அலமாரியைத் திறந்தபடியே விட்டுவிட்டு நின்றாள். பலகை இருந்த இடத்தில் தூசி படியாத சதுரம் ஒன்று தெரிந்தது. ஈரத்துணியை எடுத்து அலமாரி முழுக்கத் துடைத்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனாள்.

கடைக்காரன் ஒரு காந்த செட்டை எடுத்துக் காட்டினான். மடித்தால் கைப்பைக்குள் அடங்கும், தையல் மெஷின் மேலேயே வைத்து ஆடலாம்.

“யாருக்கும்மா, பேரனுக்கா?”

“எனக்கு.”

“கூட ஆட ஆள் இருக்கா?”

“அதையும் நீயே விக்கறியா? வெலையைச் சொல்லு.”

ஐந்நூறு சொன்னான். ஒவ்வொரு காயாக எடுத்துக் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்தாள், கீலை நாலு தடவை மடித்து விரித்தாள், கீல் ஆடுகிறது என்றாள், ஆடவில்லை என்று அவன் சொன்னதற்கு ஆடும் என்றாள், கடையை விட்டு இரண்டு படி இறங்கினாள், அவன் கூப்பிடட்டும் என்று நின்றாள். கூப்பிட்டான். நானூற்றுப் பத்துக்கு வாங்கினாள்.